பாகையும் பதமும்

சர்க்கரைப் பாகு காய்ச்சத் தெரிந்த நம் வீட்டுப் பெண்கள் எவரும் அடுப்படியில் வெப்பமானியைத் தேடியதில்லை. ஒரு சொட்டை எடுத்து, இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, "கம்பிப் பதம் வந்துவிட்டது" என்று இறக்கி வைப்பார்கள். பதம் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சூடு, நேரம், கெட்டி, பழக்கம் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. இப்படிப் பதம் பார்க்கும் கலை ஐரோப்பியரிடமும் இருந்தது. பீர் காய்ச்சும் கொட்டில்களில் அதுவே தொழிலின் உயிர்நாடியாகவும் இருந்தது. அக்கலையின் இடத்தில் வந்து அமர்ந்த வெப்பமானியைப் பற்றியும், தம் சமையலறையில் பீர் காய்ச்சும் ஆங்கிலேய முதியவர் ஒருவர் எந்த வெப்பமானியை வாங்குவது என்று தயங்கி நின்றதைப் பற்றியும் சிறிது எழுத எண்ணுகிறோம்.

பங்குத்தந்தை ஒருவர் பீரைப் பற்றி எழுதுவதா என்று புருவத்தை உயர்த்தும் வாசகர்கள் இருக்கக்கூடும். உரோமைச் சடங்கு நூலில் பீருக்கென்றே ஓர் ஆசியுரை உண்டு என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். மற்றபடி, நம் மாநிலத்தில் வீட்டில் மதுபானம் தயாரிப்பது சட்டப்படி குற்றம். இங்கு எவரும் முயன்று பார்க்கும் பொருட்டு இது எழுதப்படவில்லை. இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கு 1880 முதல் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கிவிட்டார். அன்றுமுதல், விலைக்கு விற்காத வரையில், எவரும் தம் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சிக்கொள்ளலாம்.

இதில் வெப்பத்துக்கு என்ன வேலை? வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, ஒன்றிரண்டாக உடைத்துச் சுடுநீரில் கலக்கி வைப்பார்கள். நம் வழக்கில் இதை ஊறல் என்று சொல்லலாம். காவல்துறைச் செய்திகள் அச்சொல்லுக்குத் தேடித்தந்திருக்கும் கெட்ட பெயரை வாசகர்கள் சற்றே மறக்க வேண்டும். தானியத்தின் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுகிறவை முளையிலேயே குடிகொண்டிருக்கும் நொதிகள். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. பீட்டா அமைலேஸ் என்பது 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக உழைக்கிறது. அது உண்டாக்கும் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்றுவிடும். ஆல்ஃபா அமைலேஸ் 70 பாகையை ஒட்டி உழைக்கிறது; அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டுவதால், ஈஸ்ட்டால் தின்ன முடியாத துண்டுகளும் மிஞ்சிவிடுகின்றன. ஆகவே, ஊறலை 63 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் இனிப்பு நீங்கிய, மெலிந்த பீர் கிடைக்கும். 69 பாகையில் வைத்தால் நாவில் கனமாக நிற்கும், சற்றே இனிப்புத் தங்கிய பீர் கிடைக்கும். தானியம் அதுவே, நீர் அதுவே. இடையில் உள்ளது 6 பாகை மட்டும். 80 பாகையைத் தொட்டுவிட்டாலோ நொதிகள் அழிந்துபோகும். பிறகு எவ்வளவு ஆற்றினாலும் அவை உயிர்பெறா.

விரல் தோற்றுப்போகும் இடமும் இதுவே. வெதுவெதுப்பான நீரின் வேறுபாடுகளை நம் தோல் நன்றாகவே உணரும். ஆனால் 63 பாகையும் சுடும், 69 பாகையும் சுடும். சுட்ட விரலை உதறிக்கொள்ளும் மனிதனுக்கு எது எந்தச் சூடு என்று எப்படித் தெரியும்?

பழைய ஆங்கிலேயத் தொழிலாளிகள் இதற்கு ஓர் அழகான வழி கண்டிருந்தார்கள். நீரைக் கொதிக்கவைத்துத் தொட்டியில் விட்டு, ஆவி மெல்ல மெல்லக் குறைந்து, நீர்ப்பரப்பில் தம் முகம் தெரியும் வரையில் காத்திருப்பார்கள். முகம் தெரிந்தவுடன் தானியத்தைக் கொட்டுவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த கைநூல்கள் இவ்வழியைத்தான் கற்பிக்கின்றன. இதில் உள்ள கூர்மையை நாம் வியக்கத்தான் வேண்டும். குறையையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆவியின் அடர்த்தி நீரின் சூட்டை மட்டும் பொறுத்ததன்று, அன்றைய காற்றின் குளிரையும் ஈரத்தையும் பொறுத்தது. பனிக்காலக் காலையில் ஆவி அடர்ந்து நிற்கும்; முகம் தெரிவதற்குள் நீர் அதிகமாக ஆறிவிடும். கோடையில் நீர் இன்னும் கொதிப்போடு இருக்கும்போதே முகம் தெரிந்துவிடும். கொதிநீர் இத்தனை பங்கு, தண்ணீர் இத்தனை பங்கு என்று அளந்து கலப்பது இதைவிட நம்பகமான வழியாக இருந்தது.

கானியேல் ஃபாரன்ஹீட் என்றல்ல, டேனியல் ஃபாரன்ஹீட் என்றே நாம் அறிந்த அந்தக் கருவிக் கைவினைஞர் பாதரச வெப்பமானியைச் செம்மைப்படுத்தியது 1714-இல். செல்சியஸ் தம் அளவுமுறையை வெளியிட்டது 1742-இல். (அவர் கொதிநிலையைச் சுழியம் என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.) ஆயினும் பீர்க் கொட்டில்களுக்குள் வெப்பமானி நுழைய மேலும் காலம் பிடித்தது. இலண்டனில் பீர் காய்ச்சிய மைக்கேல் கொம்புரூன் 1758-இல் வெளியிட்ட கட்டுரை நூல்தான் இத்தொழிலுக்கு வெப்பமானியை முறைப்படி பரிந்துரைத்த முதல் நூல். அடுத்த சில ஆண்டுகளில் ஹாம்ப்ஷயரின் ஆல்ட்டன் ஊரில் ஜேம்ஸ் பாவர்ஸ்டாக் என்ற இளைஞர் வெப்பமானியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதுவும் தம் தந்தையின் கண்ணில் படாமல் மறைத்து வைத்து. புதுமைகளைத் தந்தைக்குப் பிடிக்காது.

அந்தத் தந்தையைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கையிலும் கண்ணிலும் சேர்த்து வைத்த பதம் அவருடைய சொத்து. அதை மகனுக்குக் கொடுக்கலாம். பக்கத்துக் கொட்டில்காரனால் எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பமானியோ அந்தப் பதத்தை ஓர் எண்ணாக மாற்றிவிடுகிறது. எண்ணைத் தாளில் எழுதலாம், விற்கலாம், திருடலாம். ஒருவருடைய கைத்திறன் எவரும் வாங்கக்கூடிய பொருளாக மாறும்போது அவர் உள்ளத்தில் எழும் அச்சத்தை அச்சுக் கோத்தவர்களும் தறி நெய்தவர்களும் நன்றாக அறிவார்கள். மகன் சொன்னது சரி. தந்தை அஞ்சியதிலும் பொருள் இருந்தது.

பீரும் வெப்பமானியும் சேர்ந்து உலகுக்குத் தந்த பெரிய கொடை ஒன்று சால்ஃபோர்டில் பிறந்தது. மான்செஸ்டருக்கு ஒட்டிய அந்நகரில் பீர்த் தொழில் நடத்திய குடும்பத்தில் 1818-இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். நீரைத் துடுப்புகளால் கலக்கி, அதனால் ஏறும் மிகச் சிறிய சூட்டை அளந்து, உழைப்பும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று நிறுவியவர் அவர். ஃபாரன்ஹீட் பாகையில் இருநூற்றில் ஒரு பங்கைக்கூடத் தம்மால் படிக்க முடியும் என்று அவர் சொன்னபோது அறிஞர் பலர் நம்பவில்லை. மான்செஸ்டரின் கருவிக் கைவினைஞர் ஜான் பெஞ்சமின் டான்சர் அவருக்கு நுண்ணிய வெப்பமானிகளைச் செய்து கொடுத்தார் என்பதையும், சூட்டை அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட தொழிலில் அவர் வளர்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு வியப்பு எழாது. சேல் என்னும் ஊரின் புரூக்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு இராத்தல் நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்க எத்தனை அடி-இராத்தல் உழைப்பு வேண்டும் என்பதற்கு அவர் 1878-இல் கண்ட விடை அது.

அதே சால்ஃபோர்டில் 2016-ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு மாதங்கள், விடுப்பில் சென்ற ஒரு குருவுக்குப் பதிலாகப் பணியாற்றினோம். அங்கே பங்கைச் சேர்ந்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வயது 76. அவரும் அவர் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து பீர் காய்ச்சி வந்தவர்கள். அவர் நீர் ஊற்றுவார், கிளறுவார், தூக்குவார். அம்மையார் வெப்பமானியைப் படிப்பார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனதால் அவருக்கு எழுத்தும் எண்ணும் தெரிவதில்லை; நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு மங்கல், ஓரங்களில் மட்டும் பார்வை. அவ்வாண்டு மார்ச் மாதம் அம்மையார் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கண்ணாடி வெப்பமானி சமையலறை இழுப்பறையில் கிடந்தது. அதனுள் ஏறும் மெல்லிய சிவப்பு இழையை முதியவரால் காண முடியவில்லை.

"பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம், ஃபாதர். ஆனால் அவன் சொல்வது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். அவள் சொன்னபோது நான் ஒரு நாளும் யோசித்ததில்லை" என்றார். புதிதாக ஒன்று வாங்க வேண்டும், கூட வாருங்கள் என்று நம்மை அழைத்தார்.

வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான பொருள்களை விற்கும் சிறிய கடை அது. பாதரச வெப்பமானி அங்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009-லேயே பொதுமக்களுக்கு அதை விற்பதை நிறுத்திவிட்டது. பின்னர் மினமாட்டா உடன்படிக்கை 2020-ஐ எல்லையாகக் குறித்து அதன் உற்பத்திக்கே முற்றுப்புள்ளி வைத்தது. உணவுப் பொருளுக்குள் பாதரசக் குழல் உடைந்தால் அந்த ஊறலைக் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது; ஆகவே இத்தடையில் நமக்கு வருத்தமில்லை. சாயமேற்றிய சாராயம் நிரப்பிய கண்ணாடி வெப்பமானி அங்கு இருந்தது. விலை குறைவு, மின்கலம் வேண்டாம். இழை நடுவில் அறுந்து, இடைவெளி விழுந்துவிட்டால் பொய் சொல்லும். சிலவற்றில் எவ்வளவு ஆழம் அமிழ்த்த வேண்டும் என்று ஒரு கோடு இட்டிருப்பார்கள், பெரும்பாலும் 76 மில்லிமீட்டரில். அக்கோட்டைக் கவனிப்பவர்கள் குறைவு.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது எண்களை ஒளிரவிடும் மின்னணு வெப்பமானி. சில நொடிகளில் 65.7 என்று சொல்லிவிடும். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் நின்றால் மனித மனம் உடனே மண்டியிட்டுவிடுகிறது. அந்த 7 எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒரு பாகை தவறாகக் காட்டும் கருவியும் பத்தில் ஒரு பங்கு வரை எண்ணை எழுதிக் காட்டக்கூடும். நுணுக்கமாகப் பேசுவது வேறு, உண்மை பேசுவது வேறு. குற்றம் முழுவதும் கருவியுடையதன்று. நல்ல மின்னணுக் கருவிகள் நன்றாகவே உழைக்கின்றன. கம்பி நுனியோடு சேரும் இடத்தில் ஈரம் புகுந்துவிட்டால்தான் கண்டபடி உளறத் தொடங்கும்.

தொடாமலே சூட்டைச் சொல்லும் அகச்சிவப்புக் கருவியும் அங்கு இருந்தது. துப்பாக்கியைப் போல நீட்டினால் போதும். அது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே அறியும். ஊறலின் மேற்பரப்போ ஆவியாகி ஆறிக்கொண்டே இருக்கும், உள்ளே சூடு வேறாக இருக்கும். இந்த வேலைக்கு அது உதவாது. பார்வையற்றோருக்கென்று குரலில் எண்ணைச் சொல்லும் வெப்பமானிகள் உண்டே என்று நாம் நினைவூட்டினோம். முதியவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "அந்தச் சமையலறையில் இன்னொரு பெண்குரல் எனக்கு வேண்டாம், ஃபாதர்" என்றார். மேலும் நாம் வற்புறுத்தவில்லை.

இறுதியில் அவர் கையில் எடுத்தது வட்ட முகமும் நீண்ட எஃகுத் தண்டும் கொண்ட முள் வெப்பமானி. தண்டுக்குள் இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் இருக்கிறது. சூட்டில் ஓர் உலோகம் மற்றதைவிட அதிகம் விரிவதால் சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளைத் திருப்புகிறது. பழைய தொழில்நுட்பம், மெதுவாகவே அசையும். சுருள் தண்டின் கீழ்ப்பகுதியில் சில அங்குலம் நீண்டிருப்பதால் நுனியை மட்டும் நனைத்தால் தவறான விடை தரும். கீழே விழுந்தால் முள் இடம் மாறிவிடும். ஆனால் உள்ளங்கை அகல முகத்தில் தடித்த கருப்பு முள் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அவருடைய ஓரப்பார்வை பிடித்துக்கொண்டது. எண் தெரியாவிட்டால் என்ன, பேருந்தின் வேகமானியை முப்பது ஆண்டுகள் முள்ளின் சாய்வைக் கொண்டுதானே படித்தேன் என்றார். இன்னொன்றும் இருந்தது. முகத்தின் பின்புறம் சிறிய திருகுமறை. முள் பிழையாக நின்றால் அதைத் திருகி நேராக்கலாம். கடையிலிருந்த கருவிகளில் தம் கையால் சோதித்துத் திருத்தக்கூடியது அது ஒன்றே என்பதற்காகவே அதை வாங்கினார். நம் மதிப்பீட்டிலும் அதுவே சரியான தேர்வு. விலை உயர்ந்த கருவியைக் காட்டிலும், பொய் சொன்னால் நாமே கண்டுபிடிக்கக்கூடிய கருவி மேலானது.

சோதனை அன்று மாலையே நடந்தது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி நொறுக்கி, உயரமான ஒரு கோப்பை நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றி, நன்றாகக் கிளறி, பாத்திரத்தின் சுவரைத் தொடாமல் தண்டை நடுவில் நிறுத்தி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பனியும் நீரும் சேர்ந்திருக்கும் வரையில் அது சுழியம்தான். எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. கண் தெரியாதவரும் விரலால் தொட்டு, பனி இன்னும் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். முள் சுழியத்துக்கு இரண்டு பாகை மேலே நின்றது. அவர் திருகுமறையைப் பிடித்து மெல்லத் திருப்ப, சரியாக நின்றபோது நாம் சொன்னோம்.

பிறகு கொதிநீர். மான்செஸ்டர் வட்டாரம் கடல்மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்தது என்பதால் அங்கு 100 என்றே கொள்ளலாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். அமெரிக்காவில் வீட்டுப் பீர் இயக்கம் 1978-இல் சங்கம் அமைத்துக்கொண்ட கொலராடோவின் போல்டர் நகரம் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கு நீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அதை அறியாமல் நல்ல கருவியைத் திருகிக் கெடுப்பவர்களும் இருக்கக்கூடும். நம் முள் 99-இல் நின்றது. இரு முனைகளும் சரியாக இருப்பதால் நடுவில் 66-உம் சரியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே அம்மையாரின் கண்ணாடி வெப்பமானியையும் பனியில் சோதித்து, இரண்டையும் ஒரே சுடுநீரில் சேர்த்து நிறுத்திப் பார்த்தோம். நாம் கண்ணாடியைப் படித்தோம்: 66. முள்ளும் ஏறத்தாழ அங்கேயே நின்றது. "அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்" என்றார் அவர். முள் நின்ற இடத்துக்கு நேராக, முகத்தின் கண்ணாடிமேல் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டினோம்.

சனிக்கிழமை ஊறல் வைத்தார். 5 கிலோ தானியம். 73 பாகைச் சூட்டில் நீர். குளிர்ந்த தானியம் சேர்ந்தவுடன் சூடு இறங்கும் என்பதால் முன்கூட்டியே ஏற்றி வைப்பது வழக்கம். எந்த வெப்பமானி என்ற கேள்வி எவ்வளவு சிறியது என்பது அப்போது விளங்கியது. பாத்திரத்தின் நடுவில் 68, ஓரத்தில் 64. எது உண்மை? இரண்டுமே. கருவிக்கு அது நிற்கும் இடம் மட்டுமே தெரியும். நன்றாகக் கிளறி, இரண்டு நிமிடம் பொறுத்து, மூன்று இடங்களில் பார்த்தபின்தான் முள் மூன்றிலும் நாடாவுக்கு நேராக வந்தது. மூடியிட்டு, பழைய கம்பளியால் சுற்றி வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஒன்றரைப் பாகைதான் இறங்கியிருந்தது.

வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வாளியில் மூடி வைத்தார். இந்தக் கட்டத்துக்கு 18 முதல் 20 பாகை வரை ஏற்றது. அதற்கு மேல் போனால் பழவாடையும், தலைவலி தரும் கனத்த சாராயங்களும் சேரும். ஈஸ்ட் உழைக்கும்போது தானே சூட்டை உண்டாக்குவதால், வாளிக்குள் இருப்பது அறையைவிடச் சில பாகை ஏறியே இருக்கும். அறையின் சூட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாளியின் பக்கவாட்டில் அம்மையார் என்றோ ஒட்டிய வெப்பப் பட்டை ஒன்று இருந்தது. சூட்டுக்கேற்ப நிறம் மாறும் திரவப் படிகங்களால் ஆனது.

மறுநாள் திருப்பலிக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் அறைக்குள் குனிந்து, பட்டையைத் தேடாமல், வாளியின் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். "ஆரம்பித்துவிட்டது" என்றார். அறையின் வெப்பமானி 18-ஐக் காட்டியது. பட்டையில் பச்சையாக ஒளிர்ந்த எண் 20. படித்துச் சொன்னோம். ஈரத் துணி ஒன்றை எடுத்து வாளியைச் சுற்றிப் போர்த்தத் தொடங்கினார்.